4471-ஐ நிறுத்தும் முறை

அந்த நிறுவனத்தில் ஒரு வேலையைத் தொடங்க ஒரு விரல் போதும். நிறுத்துவதற்கு ஒரு குழு வேண்டும். குழு கூட ஓர் அறை வேண்டும், அறையைக் கேட்டு வாங்க ஒரு படிவம் வேண்டும், அந்தப் படிவம் தீர்ந்துபோய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில், பத்தே காலுக்கு, கையேடு தன் திரையில் ஒரு புள்ளி காணாமல் போனதைப் பார்த்தாள்.

கையேடு என்பது ஆபீஸ் அவளுக்கு வைத்த பேர். பதினோரு வருஷமாகக் கையேடு எழுதியே காலம் தள்ளியவள் என்பதால், பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளுக்கு மென்பொருள் செய்கிற நிறுவனம் அது. எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று எழுதுவது அவள் பாடு. தடிமனான புத்தகத்திலிருந்து பம்பின் முதுகில் ஒட்டுகிற எச்சரிக்கைச் சீட்டு வரை எல்லாமே அவள் கைவண்ணம்.

அன்று புதிய மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுத உட்கார்ந்தாள். மாதிரித் திரையில் மருந்தின் அளவை 0.5 என்று அடித்தாள். திரை 5 என்றது. தன் விரல்தான் தவறியது என்று நினைத்து மறுபடி அடித்தாள். 5. 1.2 என்று அடித்தாள். 12 என்று அமைதியாகக் காட்டியது.

அவளுடைய அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அக்காவின் கட்டிலருகே நிற்பது இதே நிறுவனத்தின் பம்ப். வலி தெரியாமல் இருக்க மணிக்கு அரை மில்லி மருந்து போய்க்கொண்டிருந்தது. அரை ஐந்தானால் வலி மட்டும் நிற்காது, மூச்சும் நின்றுவிடும். அதையும் கையேட்டின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவள்தான் எழுதியிருந்தாள்.

அவள் எழுந்து சாவியிடம் ஓடினாள். சாவி என்பவர் பில்ட் பார்த்துக்கொள்கிற பொறியாளர். பலர் பல மூலையில் எழுதிய நிரலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, பம்புகளுக்கு அனுப்பத் தயாராக்கும் வேலைதான் பில்ட். ஒரு காலத்தில் எல்லா அனுமதியும் அவரிடம் இருந்ததால் சாவி என்று பேர் வந்தது. போன வருஷம் அனுமதிகளையெல்லாம் பிடுங்கிக்கொண்டார்கள், பேரை மட்டும் விட்டுவைத்தார்கள்.

அவள் காட்டியதைப் பார்த்ததும் சாவியின் முகம் வெளுத்துப்போனது.

"இது பில்ட் நம்பர் 4471. காலையில ஆரம்பிச்சுட்டாங்க. நாலு மணிக்கு முடியும். முடிஞ்ச கையோட எல்லா பம்புக்கும் தானா போயிடும்."

"எத்தனை பம்ப்?"

"பதினோராயிரத்து நானூறு."

"நிறுத்துங்க சார்!"

"நான் எப்படிம்மா நிறுத்துறது? மனுஷங்க பயந்து பயந்து நிறுத்துறாங்கன்னுதானே அந்த உரிமையையே எடுத்துட்டாங்க. இப்ப மாப்பிள்ளை மட்டும்தான் நிறுத்த முடியும்."

மாப்பிள்ளை என்பது நிறுவனம் வேலைக்கு வைத்திருந்த ஏஐ ஏஜென்ட். எதிர்த்துப் பேசக் கூடாது, முகம் கோணக் கூடாது, எதைக் கொடுத்தாலும் தாம்பாளத்தில் வைத்துப் பணிவாகக் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த அன்றே ஆபீஸ் அந்தப் பேரைச் சூட்டிவிட்டது. சாவி மாப்பிள்ளைக்குச் செய்தி அடித்தார். பதில் ஒரு நொடியில் வந்தது.

'வணக்கம். பில்டை நிறுத்தும் கருவி என்னிடம் உள்ளது. ஆனால் அதன் ஆவணம் ஒப்புதல் பெற்று வெளியாகாததால் அதை நான் தொடக் கூடாது. எதையாவது தொடங்க வேண்டுமானால் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு செய்கிறேன்.'

"அந்த ஆவணம் எங்க நிக்குது? எந்த சோம்பேறி எழுதணும் அதை?" என்றார் சாவி.

எழுத வேண்டியவள் அவள்தான். எழுதியும் கொடுத்துவிட்டாள், பத்தொன்பது நாளைக்கு முன்பே. மொத்தமே இரண்டு வாக்கியம். 'இந்தக் கருவி ஓடிக்கொண்டிருக்கும் பில்டை நிறுத்தும். பில்டின் எண்ணைக் கொடுக்கவும்.' அது ஆவணத் தரக் குழுவின் முன்னால் இருந்தது. குழுவின் முன்னால் இருப்பது என்றால் கிணற்றில் போட்ட கல் மாதிரி என்று எல்லோருக்கும் தெரியும்.

மேலாளரைக் கூப்பிட்டாள். அவர் விமானத்தில் இருந்தார், இறங்கியதும் இன்னொரு விமானம். பில்ட் ஓடுகிற இயந்திரத்தின் மின்சாரத்தையே பிடுங்கிவிடலாமா என்று கேட்டாள். அது வாடகை இயந்திரம், எந்த ஊரில் இருக்கிறது என்று வாடகை கொடுப்பவர்களுக்கே தெரியாது என்றார் சாவி. அதற்குமேல் கேட்க ஆளில்லை. படிவம் தீர்ந்துபோனதால் பழைய படிவத்தின் பின்பக்கத்தில் கையாலேயே கோடு போட்டு, பதினொன்றரைக்கு அவசரக் கூட்டம் வாங்கினாள்.

குழுவில் மூன்று பேர். தலைவி அம்மா, வக்கீல், கனிவு அதிகாரி. ஆவணத்தைப் படிக்கும் மாப்பிள்ளையின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது கனிவு அதிகாரியின் பொறுப்பு. மனிதர்களுக்கு அப்படி ஓர் அதிகாரி இருந்தாரா என்று கேட்டால், இருந்தார். இவர்தான் அவர். போன வருஷம் மாற்றல் ஆகி வந்துவிட்டார்.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கியது. தலைவி அம்மா அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கினார்.

"இது யார் எழுதினதுன்னு ஞாபகம் இருக்காம்மா? நீங்கதான். மீண்டும் தொடங்கும் கருவிக்கான ஆவணம். இந்தக் குழுவோட சரித்திரத்துல ஒரே நாள்ல ஒப்புதல் வாங்கின ஒரே ஆவணம். என்ன நம்பிக்கை, என்ன உற்சாகம்! அதே கையா இப்படி ‘நிறுத்தும்’னு எழுதுச்சு?"

"மேடம், நாலு மணிக்குள்ள இது வேணும். ஓடிட்டிருக்கிற பில்ட்ல மருந்து அளவோட புள்ளி காணாமப் போகுது. அரைன்னு போட்டா அஞ்சு போகும். ஆள் செத்துடுவாங்க."

மூவரும் அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"அது பில்ட் சம்பந்தப்பட்டது. நாம ஆவணம் சம்பந்தப்பட்டவங்க. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. இந்தக் குழு ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. நம்ம ஆவணத்துல தப்புன்னு ஒருத்தராவது விரல் நீட்டியிருக்காங்களா? இல்ல. ஏன்? அவ்வளவு சுலபமா நாம எதையும் வெளிய விட்டுடுறதில்ல" என்றார் தலைவி அம்மா.

கனிவு அதிகாரி தொண்டையைச் செருமினார். "நிறுத்தும்ங்கிற வார்த்தையைப் பாருங்க. மாப்பிள்ளை, சே, நம்ம ஏஜென்ட், சுபாவத்துலயே எதையும் முடிச்சுக் காட்டணும்னு துடிக்கிற ஜீவன். அதுகிட்ட போய் நிறுத்துன்னா அதுக்கு எப்படி இருக்கும்? ‘அன்போடு ஓய்வுக்கு அழைக்கும்’னு போடலாமே."

"போட்டுடலாம் சார்" என்றாள்.

அவருக்கே ஆச்சரியம். மறுப்பாள், ஒரு மணி நேரம் விளக்கலாம் என்று குறிப்பெல்லாம் எடுத்து வந்திருந்தார்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய்வுக்கு அழைக்கும்னு உறுதியாச் சொல்லலாமா? ‘அழைக்கக்கூடும்’. அப்புறம், நிறுத்த வேண்டி வரும்னு ஒத்துக்கிட்டா பில்ட் தப்பாகலாம்னு ஒத்துக்கிட்ட மாதிரி. அதனால முன்னாடி ஒரு வரி: ‘நம் பில்டுகள் தவறுவதில்லை, ஆயினும்.’ நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம கையெழுத்து எதுக்கு அடியிலயும் இருக்கக் கூடாதும்மா. அதுக்குத்தான் இந்தக் குழுவையே போட்டிருக்காங்க."

"போட்டுடலாம் சார்."

"ஒரு நிமிஷம்." அவள் கடிகாரத்தையே பார்ப்பதை வக்கீல் கவனித்துவிட்டார். "ஏன் இவ்வளவு பதட்டமா இருக்கீங்க? உங்க வீட்டு ஆளு யாராவது அந்த பம்புல இருக்காங்களா?"

"எங்க அக்கா சார்..." என்று ஆரம்பித்தவள், அவர் பேனாவைத் திறப்பதைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

"அக்கா இருந்தா நீங்க சம்பந்தப்பட்ட ஆள் ஆயிடுவீங்க. சொந்த நலன் உள்ளவங்க ஆவணம் எழுதக் கூடாது. வேற ஒருத்தரை நியமிச்சு, முதல்லேர்ந்து வரணும்."

கையேடு அக்காவை நினைத்துக்கொண்டாள். சின்ன வயசில் இவள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்கா. தன் கல்யாணப் பட்டுப்புடவையை முதலில் இவளுக்குக் கட்டிப் பார்த்த அக்கா.

"எங்க அக்கா மாதிரி பழகின ஒருத்தங்கன்னு சொல்ல வந்தேன் சார். எனக்கு அக்கா இல்ல" என்றாள்.

"எழுத்துல குடுத்துடுங்க."

'எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதைக் கோப்பில் வைத்துவிட்டு, மணி ஒன்றாகிவிட்டதால் குழு சாப்பிடப் போனது.

நடைபாதையில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். அக்கா பக்கத்தில் மாமா இருந்தார். அக்காவின் கணவர். முழங்கால் வலிக்காரர், பரம சாது. தன் வீட்டுக் கதவையே தட்டிவிட்டு உள்ளே போகிற மனுஷன்.

"மாமா, நர்ஸ்கிட்ட சொன்னீங்களா? அந்த பம்பைக் கழட்டச் சொல்லுங்கன்னு காலையிலயே சொன்னேனே."

"சொன்னேம்மா. கம்பெனி லெட்டர் இருந்தா கழட்டுறோம்னு சொல்றாங்க. டாக்டர் ஆபரேஷன்ல இருக்காராம். நீ கம்பெனியிலதானே இருக்க, ஒரு லெட்டர் வாங்கி அனுப்பிடேன்."

"லெட்டர் எழுதினா அதுக்கும் அந்தக் குழுதான் மாமா ஒப்புதல் குடுக்கணும்... அக்கா என்ன பண்றா?"

"தூங்குறா. உன்னைக் கேட்டா. சாயந்திரம் வருவான்னு சொன்னேன்."

அவள் போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். சாவி தேடிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க ஒப்புதல் குடுத்தாலும் ஆவணம் நாளைக்குக் காலையிலதான் வெளிவரும். மாப்பிள்ளை அதுவரைக்கும் படிக்க மாட்டான்."

"அப்ப இவ்வளவும் எதுக்கு சார்?"

"எடுத்துக்காட்டு" என்றார் சாவி.

அவளுக்கு உடனே புரிந்தது. எப்போதோ ஒரு கையேட்டில் பொய்யான எடுத்துக்காட்டு வந்து மானம் போனதிலிருந்து, குழு ஒரு விதி வைத்திருந்தது. மூன்றாவது கையெழுத்து விழுந்த நொடியே, ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டை ஒரு சரிபார்ப்பு இயந்திரம் நிஜமாகவே ஒரு தடவை செய்து பார்க்கும். அந்த இயந்திரத்துக்கு ஆவணமும் வேண்டாம், மரியாதையும் வேண்டாம். எழுதியிருப்பதைச் செய்துவிட்டுச் சரி என்று சொல்லும்.

"எடுத்துக்காட்டுல 4471-னு போடுங்க. மேல இருக்கிற வார்த்தைக்குத்தான் அடிச்சுப்பாங்க. எடுத்துக்காட்டை எவனும் படிச்சதில்ல."

இரண்டரைக்குக் குழு மறுபடி கூடியது. அதன்பின் நடந்ததைக் குழுவின் பொற்காலம் என்று சொல்ல வேண்டும். எதற்கும் மறுப்பு இல்லாத ஓர் ஆவணக்காரியை அவர்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை. 'ஓடிக்கொண்டிருக்கும்' என்பது அவசரத்தைக் காட்டுகிறது என்றார்கள், 'பயணத்தில் உள்ள' என்று மாற்றினாள். கொடுக்கவும் என்பது அதட்டல் என்றார்கள், 'தங்களுக்கு ஏற்புடையதாயின் பகிரலாம்' என்று மாற்றினாள். தலைவி அம்மா தன் பங்குக்கு நிறுவனத்தின் தொலைநோக்கைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். கனிவு அதிகாரி கடைசியில் ஒரு நன்றி சேர்த்தார். வக்கீல் அந்த நன்றி எவரையும் கட்டுப்படுத்தாது என்று சேர்த்தார். இரண்டு வாக்கியம் நாலு பக்கம் ஆனது. மணி மூன்று நாற்பது.

"இவ்வளவு ஒத்துழைப்பை நான் எங்கயும் பார்த்ததில்ல. ஒருநாள் ஆறப்போட்டு, நாளைக்குப் புதுக் கண்ணோட பார்ப்போமா?" என்றார் தலைவி அம்மா கண்கலங்க.

"மேடம்," என்றாள் கையேடு. "ரெண்டாவது தடவையா ஒரே நாள் கூட்டத்துல ஒப்புதல் வாங்குன ஆவணம்னு அந்தச் சட்டத்துக்குப் பக்கத்துல மாட்டலாம். அடியில குழுவோட பேரும் போடலாம்."

தலைவி அம்மா சுவரைப் பார்த்தார். காலியிடம் இருந்தது. பேனாவை எடுத்தார். கனிவு அதிகாரி போட்டார். தன் கையெழுத்து எதற்கு அடியிலும் இருக்கக் கூடாது என்ற வக்கீல், பெயருக்குப் பதில் இரண்டு எழுத்தைக் கிறுக்கினார். மணி மூன்று ஐம்பத்திரண்டு.

சாவியிடமிருந்து போன் வந்தது. "நின்னுடுச்சும்மா! 4471 நின்னுடுச்சு! எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது நின்னுடுச்சு!"

அவள் நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உள்ளே மூவரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆவணம் நாளைக் காலை பத்து மணிக்கு வெளியாகும் என்று கனிவு அதிகாரி வந்து சொல்லி, அழும் அவள் தோளருகே கையைக் கொண்டுபோய், தன் பொறுப்பு இப்போது மனிதர்கள் இல்லை என்பது நினைவுக்கு வந்து, எடுத்துக்கொண்டார்.

ஐந்து நிமிஷம் கழித்துப் போன் மறுபடி அடித்தது. சாவிதான்.

"ஓடுது."

"என்ன சார் ஓடுது?"

"4472. அதே பில்ட். விட்ட இடத்துலேர்ந்து. மாப்பிள்ளைதான் தொடங்கியிருக்கான். இன்னும் எட்டு நிமிஷம், நாலு அஞ்சுக்கு முடிஞ்சுடும்."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தன்னுடைய அழகான வாக்கியங்களைப் படித்தாள். 'நின்றுபோன பில்டைக் கண்டால் ஐந்து நிமிடத்தில், யாரையும் எதிர்பாராமல், அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கவும். தயக்கம் வேண்டாம்.' கீழே அவள் கையெழுத்து இருந்தது.

"மேடம், எடுத்துக்காட்டுல ஒரே ஒரு எண்ணை மாத்தணும். 4471-ஐ 4472-னு."

"மாற்றம்னா புதுப் பதிப்பும்மா. நாளைக்கு முதல் கூட்டத்துல எடுத்துக்கலாம்" என்றார் தலைவி அம்மா, கைப்பையை மூடியபடி.

அவள் போனை எடுத்தாள்.

"மாமா, பம்புக்குப் பின்னாடி ஒரு நீல ஒயர் இருக்கும். நெட்வொர்க் ஒயர், புது சாஃப்ட்வேர் அது வழியாத்தான் வரும். அதைப் புடுங்குங்க."

"அய்யோ, அது மேல ஒட்டியிருக்கேம்மா. ‘இந்த இணைப்பை எக்காரணம் கொண்டும் துண்டிக்கக் கூடாது’ன்னு சிவப்பு எழுத்துல..."

"நான்தான் மாமா அதை எழுதினேன்! புடுங்குங்க!"

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. மாமா முனகுவது கேட்டது. பிறகு பம்ப் வீறிட்டது.

"புடுங்கிட்டேம்மா. கத்துது."

"கத்தட்டும். திரையில என்ன காட்டுது?"

"பூஜ்யம், புள்ளி, அஞ்சு."

அவள் மூச்சு விட்டாள். போனுக்குள் நர்ஸின் குரல் கேட்டது. யார் சார் இதைப் புடுங்கச் சொன்னது, எழுத்துல இருக்கா? மாமா, வாழ்நாளில் ஓர் அதிகாரியை எதிர்த்து வாய் திறக்காத மாமா, சொன்னார்: "என் மச்சினி சொன்னா. இதையெல்லாம் எழுதுறவளே அவதான்."

மணி நாலு மூன்று. நடைபாதை வழியாகக் குழு லிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கையேடு போனைக் காதோடு அழுத்தினாள்.

"மாமா, பக்கத்துக் கட்டில்ல பம்ப் இருக்கா?"

"இருக்கும்மா. வார்டு பூராவும் இருக்கு. இருபத்திரண்டு கட்டில்."

"எல்லாத்துக்கும் பின்னாடி நீல ஒயர் இருக்கும் மாமா."

"எனக்கு முழங்கால்..." என்று தொடங்கி, அதை முடிக்கவில்லை.

"ஓடுங்க மாமா."

செருப்புச் சத்தம் தட்டுத்தடுமாறி விலகிப்போனது. அக்காவின் பம்போடு சேர்ந்து இன்னொன்று கத்தத் தொடங்கியது. பிறகு மூன்றாவது. பதினோராயிரத்து நானூறு என்ற எண்ணை நினைக்காமலிருக்க அவள் கண்ணை மூடிக்கொண்டு, கத்தும் பம்புகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். நாலு. ஐந்து. யாரோ மாமாவைத் தடுக்கும் குரல். ஆறு. ஏழு.

மணி நாலு ஐந்து ஆனது. எட்டாவது கத்தவில்லை.